குணமானது எலிக்கு... தலைப்பு மனிதனுக்கா?

"புற்றுநோய்க்கு முடிவு கட்டும் நானோ துகள்!" என்கிற மாதிரித் தலைப்புகள் அடிக்கடி வருகின்றன. உள்ளே போய்ப் படித்தால் குணமானது ஆய்வகத்து எலி! அந்த ஒரு சொல் மட்டும் தலைப்பில் இருப்பதில்லை.

யோசனை மோசமானதா? இல்லவே இல்லை. கீமோதெரபி மருந்து உடம்பு முழுக்க ஓடுகிறது. டாக்ஸோரூபிசின் கட்டியைத் தாக்கும்போதே இதயத்தையும் கெடுக்கக்கூடும். அதை நுண்ணிய கொழுப்பு உறையில் அடைத்துச் செலுத்தி, கட்டி உள்ள இடத்தை மட்டும் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால், உறை அங்கேயே மருந்தை விடும். சூடும் புற்று செல்களைப் பலவீனமாக்கும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

ஆனால் மனிதர்களிடம் என்ன நடந்தது? இந்த வகையில் உருவான 'தெர்மோடாக்ஸ்' 701 கல்லீரல் புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. எல்லோருக்கும் ரேடியோ அலையால் கட்டியைச் சுடும் சிகிச்சை; ஒரு பாதிப் பேருக்குக் கூடவே இந்த மருந்து. 2013 ஜனவரியில் முடிவு வந்தது. நோய் மறுபடி முற்றாமல் இருந்த காலத்தில் இரு தரப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. சூடாக்கும் நேரத்தைக் கூட்டி நடத்திய அடுத்த பெரிய சோதனையும் கைகொடுக்கவில்லை. இரும்பு ஆக்ஸைடு துகளை மூளைக் கட்டிக்குள் செலுத்திக் காந்தப்புலத்தால் சூடாக்கும் ஜெர்மனியின் 'நானோதெர்ம்' 2010-இல் ஐரோப்பிய அனுமதி பெற்றும், பரவலான சிகிச்சையாகவில்லை.

இதெல்லாம் எத்தனை பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வந்தது?

"வந்தால்தான் என்ன, வராவிட்டால்தான் என்ன?" என்பவர்களுக்கு ஒன்று. இளையாத்தங்குடியில் ஒரு வீட்டில் ஆச்சிக்குப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரைக்குப் போய் வாரக்கணக்கில் சிகிச்சை எடுக்க வேண்டும். வாந்தி, அலைச்சல், செலவு. அந்த நேரம் பார்த்துப் பேரன் செல்போனில் இந்தச் செய்தியைக் காட்டினால், "புது மருந்து வருதாமே, கொஞ்சம் பொறுப்போம்" என்று தோன்றாதா? ஆச்சி பொறுப்பார். கட்டி பொறுக்காது!

ஆராய்ச்சி வேண்டாம் என்பதல்ல வாதம். பக்கத்துக் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். அறிவியலுக்கு அள்ளிக் கொடுத்த மண் இது. அந்த மக்களுக்கு அறிவியல் செய்தியை அரைகுறையாகக் கொடுப்பது என்ன நியாயம்?

கேட்பது ஒன்றுதான். சோதித்தது செல்லிலா, எலியிலா, மனிதரிலா? மனிதர் என்றால் எத்தனை பேர்? முதல் வரியிலேயே எழுதுங்கள். எழுதாத செய்தியை, நண்பர்களே, யாருக்கும் ஃபார்வேர்ட் செய்யாதீர்கள்.