காப்பகம் யாருக்கு?

2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றது. நல்ல சட்டம். ஆனால் வீட்டு வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் போகும் பெண்ணுக்கு அதில் இடமே இல்லை. தனியார் காப்பகத்துக்குக் கட்டணம் கட்டினால் கூலியில் மிச்சம் ஏது? பல வீடுகளில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணின் பள்ளிப் படிப்புதான் பலியாகிறது. இது கொடுமை.

தமிழகத்தில் 54,000-க்கும் அதிகமான அங்கன்வாடிகள் உள்ளன. இடமும் சமையலும் பணியாளர்களும் ஏற்கெனவே உண்டு. ஆனால் தாய் வேலை முடித்துத் திரும்புமுன்பே மையம் பூட்டப்பட்டுவிடுகிறது. 2 வயது நிரம்பாத கைக்குழந்தையை அங்கு விட்டுச்செல்லவும் வழியில்லை. இந்தக் குறையைப் போக்கவே அங்கன்வாடியுடன் காப்பகத்தை இணைக்கும் ‘பால்னா’ திட்டம் வந்தது. 6 மாதம் முதல் 6 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. செலவில் 60 விழுக்காடு மத்திய அரசுடையது, 40 மாநிலத்துடையது.

கூலித் தொழிலாளர் நிறைந்த பகுதிகளில் இம்மையங்களை முதலில் திறக்க வேண்டும். மாலை 6 மணி வரையாவது அவை இயங்கட்டும். கூடுதல் நேரத்தை இப்போதுள்ள பணியாளர் தலையில் கட்டாமல், உரிய ஊதியத்தில் புதியவர்களை நியமிக்க வரும் பட்ஜெட்டிலேயே மாநில அரசு நிதி ஒதுக்க வேண்டும்.