எலி கடித்த கம்பியும் நாம் கற்பிக்கும் மின்சுற்றும்



நீண்ட பள்ளி விடுமுறைக்குப் பின் மகிழுந்து இயங்க மறுத்தால், உடனே புதிய மின்கலம் வாங்க விரைகிறோம். மின்சுற்று அறுந்தால் விளக்கு எரியாது என்று மாணவர்க்குக் கற்பிக்கும் நாமே சோதிக்காமல் முடிவு கட்டலாமா?

முகப்பு விளக்கு நன்கு எரிந்து, ஸ்டார்ட்டரும் சுழன்று, இயந்திரம் மட்டும் இயங்காவிடில், பெரும்பாலும் குறை மின்கலத்தில் இல்லை. இயந்திர மூடியைத் திறந்து பாருங்கள். எலிப்புழுக்கையோ கடிபட்ட கம்பியோ தென்பட்டால், மீண்டும் மீண்டும் சாவியைத் திருகாதீர்கள். உறையிழந்த கம்பிகள் உரசித் தீப்பிடிக்கக்கூடும். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும் என்பதால் கையுறையின்றித் தொடாதீர்கள். பிள்ளைகளையும் அருகில் விடாதீர்கள். பட்டறைக்காரரிடம் கடிபட்ட இடத்தைக் காட்டி, கம்பியை முதலில் சீர்செய்யச் சொல்லுங்கள். காரணம் அறிந்தபின் செலவு செய்வதே முறை என்பது என் கருத்து.