மாத்திரை வந்தால் மட்டும் போதுமா?

தொற்றா நோய்கள் குறித்துத் தமிழகத்தில் 2020-இல் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வு, பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் என்றது. அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 விழுக்காட்டினருக்குத்தான். மறு ஆண்டு ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. மாத்திரை வீடு தேடி வந்தது; ஐ.நா. விருதும் வந்தது. பாராட்டலாம். ஆனால், அழுத்தம் 160-ஐ விட்டு இறங்காதபோதும் என்றோ எழுதிய அதே 5 மி.கி. அம்லோடிபினையே கொடுத்துக்கொண்டிருந்தால், அது விநியோகமே தவிர சிகிச்சை ஆகாது.

மருத்துவரைக் குறைசொல்லிப் பயனில்லை. காய்ச்சல், நாய்க்கடி, சளி என்று நீளும் ஓ.பி. வரிசையில் பி.பி. நோயாளிக்கு ஓரிரு நிமிடம்தான் வாய்க்கிறது. ஐந்து நிமிடம் உட்காரவைத்துப் பார்க்க வேண்டிய பிரஷரை, நின்ற களைப்பு ஆறுமுன் பார்க்கிறார்கள். கூடியிருந்தால், "நேத்து தூக்கமில்லைங்க" என்கிறார் நோயாளி. பழைய மாத்திரையே தொடர்கிறது. அடுத்த மாதம் அவர் வராவிட்டால் ஏனென்று கேட்க ஆளில்லை.

ஆகவே ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பி.பி.க்கென்று தனி கிளினிக் நடக்க வேண்டும். இதய நிபுணர் தேவையில்லை. பயிற்சி பெற்ற செவிலியர், பெயர்ப் பதிவேடு, எந்த அளவுக்கு எந்த மருந்து என்ற ஒரே நெறிமுறை, அதன்படி மருந்தைக் கூட்ட ஒரு மருத்துவர் போதும். அமெரிக்காவில், வடக்கு கலிபோர்னியாவின் கைசர் பர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பு இப்படித்தான் செய்தது. மருந்தை மாற்றினால் சில வாரங்களிலேயே உதவியாளர் இலவசமாக பிரஷர் பார்த்தார். 2001-இல் 44 விழுக்காடாக இருந்த கட்டுப்பாடு 2009-இல் 80-ஐத் தொட்டது.

பணக்கார நாட்டுக் கதை என்பவர்கள் இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் கிராமங்களில் நடந்த கோப்ரா ஆய்வைப் பார்க்கட்டும். சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போய் அளந்தார். கூடியிருந்தவர்களைப் பயிற்சி பெற்ற மருத்துவரிடம் அனுப்பினார். வழக்கமான சிகிச்சையைவிட மேல் அழுத்தம் சுமார் 5 புள்ளி கூடுதலாக இறங்கியது. நம் திட்டத்தில் முதல் பாதி இருக்கிறது. இரண்டாம் பாதிதான் வலுவாக இல்லை.

சர்க்கரை நோயும் சேர்ந்தே இருப்பவரை இரண்டு இடத்துக்கு அலையவிடலாமா என்ற கேள்வி நியாயமானது. இரண்டையும் ஒரே மேசையில் பார்க்கட்டும். தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியர்களை வேறு வேலைக்கு இழுக்காமல் விட்டாலே பாதிச் சிக்கல் தீரும். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்காக வாரம் இரு நாளாவது மாலையில் திறக்க வேண்டும்.

எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்று அரசு அறிவித்தது போதும். பதிவு செய்தவர்களில் எத்தனை பேர் 140/90-க்குக் கீழே வந்தார்கள் என்பதை, நிலையம் வாரியாக, காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடட்டும்.