படத்துக்கு வைத்தியம் வேண்டாம், முதுகுக்கு வேண்டும்

ஆறு வருடமாகக் குறுக்கு வலியோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். அந்த உரிமையில் இன்று கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். டாக்டர்கள் மேல் கோபம். அதைவிட அதிகமாக நம் மேல் கோபம்.

முதலில் டாக்டர்கள்.

இரண்டு வருடம் முன்பு, குனிந்து செருப்பு மாட்ட முடியாத நிலையில், பெயர் பெற்ற எலும்பு டாக்டர் ஒருவரிடம் போனேன். பத்து மணிக்கு டோக்கன் போட்டது, உள்ளே கூப்பிட்டது ஒன்றரை மணிக்கு. உட்காருவதற்குள் கையை நீட்டினார். கை குலுக்கத்தான் என்று நானும் நீட்டினேன். அவர் கேட்டது ஸ்கேன் படத்தை!

படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, "எல்4-எல்5ல ஜவ்வு பிதுங்கியிருக்கு சார். மத்த டிஸ்க்கும் தேய்ஞ்சுபோச்சு. ஆபரேஷன் பண்ணிக்கிறது நல்லது. இன்சூரன்ஸ் இருக்கா?" என்றார். மொத்தம் நான்கு நிமிடம். என் முதுகில் ஒரு விரல் படவில்லை. நடந்து காட்டச் சொல்லவில்லை. உட்கார்ந்தால் வலிக்கிறதா, நின்றால் வலிக்கிறதா, காலில் மரத்துப்போகிறதா, ஒன்றும் கேட்கவில்லை.

நான் மின்வாரியத்தில் வேலை பார்த்தவன். ஒரு வீட்டில் விளக்கு எரியவில்லை என்றால் வயரிங் வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு, "மொத்தத்தையும் மாத்துங்க" என்று சொல்லிவிட்டு வந்ததில்லை. ஃபியூஸ் போயிருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.

அந்தப் படத்தில் இருந்தது பொய் இல்லை. ஆனால் அது சொல்லும் சேதி நாம் நினைப்பது இல்லை. முதுகு வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, 1994-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குக் குறைந்தது ஓரிடத்திலாவது டிஸ்க் பிதுங்கியிருந்தது. 2015-ல் இப்படிப்பட்ட 33 ஆய்வுகளைச் சேர்த்து வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். வலி இல்லாத அறுபது வயதுக்காரர்களில் 88 சதவீதம் பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம். தலை நரைப்பது போல டிஸ்க்கும் நரைக்கிறது, அவ்வளவுதான். நரைத்த தலைக்கு யாராவது ஆபரேஷன் செய்வார்களா?

"ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறவருக்கு நேரம் ஏது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் நேரம் இல்லாதவர் "நேரம் இல்லை" என்று சொல்லட்டும், "ஆபரேஷன்" என்று சொல்ல வேண்டாம். நம் காப்பீடுகளும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தருகின்றன. எழுந்து நடக்கச் சொல்லிக் கொடுக்கிற பிசியோதெரபிக்குக் கைக்காசு போட வேண்டியிருக்கிறது. பிறகு எல்லோரையும் ஏன் படுக்கவைக்கிறார்கள் என்று ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இனி நம் விஷயம்.

ஊசி போடாத டாக்டரைக் கைராசி இல்லாதவர் என்று சொன்னது யார்? நாம்தான். "மருந்து வேண்டாம், தினம் நடங்க" என்று சொன்ன இளம் டாக்டரை விட்டுவிட்டு, பை நிறைய மாத்திரை கொடுத்தவரிடம் ஓடியது யார்? நாம்தான். மெடிக்கல் ஷாப்பில் போய் "அந்தச் சிவப்பு மாத்திரை பத்து கொடு தம்பி" என்று வாங்குவதும் நாம்தான்.

என்னோடு முப்பது வருடம் வேலை பார்த்த நண்பர் ஒருவர் இப்படித்தான் நான்கு வருடம் வலி மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்கினார். ரத்த அழுத்தத்துக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒரு டாக்டர், முதுகுக்குக் கடைக்காரத் தம்பி. ரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவும், நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரையும், இந்த வலி மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று அவருக்குத் தெரியாது. வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எந்த டாக்டரும் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. இன்று அவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். முதுகு வலி அப்படியேதான் இருக்கிறது. அவர் வீட்டுக்குப் போய்விட்டு வரும் ஒவ்வொரு முறையும் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. இந்தக் கட்டுரையே அதனால்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சியும், வலியைப் பற்றிய விளக்கமும் வேண்டும் என்கிறது. இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனும், அபின் வகை வலி மருந்துகளும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நம் வீட்டு பீரோவில் எத்தனை பெல்ட் கிடக்கிறது? என் வீட்டில் மூன்று.

ஆபரேஷனே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, வராமல் நின்றுபோனாலோ, தொடையிடுக்கில் உணர்ச்சி மரத்தாலோ, கால் வலுவிழந்து பாதம் இழுத்தாலோ, ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஓடுங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, விழுந்த பிறகு வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தது, இவை இருந்தாலும் சும்மா இருக்கக் கூடாது. அப்போது படமும் வேண்டும், கத்தியும் வேண்டியிருக்கலாம்.

மற்றபடி, டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொண்டு போங்கள். வலி எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது. சாப்பிடும் எல்லா மாத்திரையும், கடையில் வாங்கியதும் நாட்டு மருந்தும் உட்பட. வலியால் எந்த வேலை முடியவில்லை. பிறகு மூன்று கேள்வி: இது செய்யாவிட்டால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? என் மற்ற மாத்திரைகளோடு இது ஒத்துப்போகுமா? முகம் சுளிக்கிற டாக்டரும் உண்டு. அவருக்காக வெட்கப்பட வேண்டியது நாம் இல்லை.

நான் கடைசியில் அரசு மருத்துவமனை பிசியோதெரபி பிரிவுக்குப் போனேன். மகள் வயதுப் பெண். "எங்க அய்யா, குனிஞ்சு காட்டுங்க" என்றது. ஆறு வருடத்தில் என் முதுகை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தது அந்தப் பெண்தான். ஐந்து பயிற்சி சொல்லிக் கொடுத்தது. நடக்க முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் இந்தச் சிகிச்சை தருகிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

வலி போய்விட்டதா? இல்லை. மழைக்காலத்தில் வந்து எட்டிப் பார்க்கும். ஆனால் காலையில் தெப்பக்குளத்தை இரண்டு சுற்று சுற்றுகிறேன், செருப்பை நானே குனிந்து மாட்டுகிறேன். அந்த ஸ்கேன் படம் பீரோவுக்கு மேலே, மூன்று பெல்ட்டோடு தூங்குகிறது.