வழிகாட்டுவது சலுகை அல்ல, கடமை

“உனக்கு ஐடிஐ போதும்ப்பா” என்று பிளஸ் டூ மாணவரிடம் சொல்லும் ஆசிரியரை நான் கேட்கிறேன்: மதிப்பெண்ணைப் பார்த்துச் சொல்கிறீர்களா, அவர் வரும் தெருவைப் பார்த்தா? 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்தை 1954இல் போராடி விரட்டினோம். அதே புத்தி இன்று அறிவுரையாக வருகிறது.

எந்த நுழைவுத்தேர்வு, எப்போது விண்ணப்பம் என்பதெல்லாம் படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே தெரிந்துவிடுகிறது. அது திறமை அல்ல. சாதி சேர்த்துவைத்த சொத்து. முதல் தலைமுறைப் பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் யார் சொல்வார்கள்? மருத்துவம், பொறியியலில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, முதல் பட்டதாரி சலுகை, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை எல்லாம் இருக்கின்றன. கடைசி நாளில் சான்றிதழுக்கு அலையவிட்டால் அவை காகிதம்தான்.

பிளஸ் டூ தொடங்கும்போதே தேர்வுகளையும் சான்றிதழ்களையும் ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளி எழுதிக் கொடுக்கட்டும். கெஞ்ச வேண்டாம், உரிமையாகக் கேட்போம்.