வரி நம்மளுது, மூளை நம்மளுது... காப்புரிமை மட்டும் யாருது?

தோழர்களே, இந்தப் பதிவைப் படிச்சிட்டு இருக்குற போனை ஒரு நிமிஷம் திருப்பிப் பாருங்க.

சுங்குவார்சத்திரத்துல சாயங்காலம் ஷிப்ட் முடியிற நேரம் ரோட்டோரம் நின்னா, கம்பெனி பஸ் ஒண்ணு பின்னால ஒண்ணா போயிட்டே இருக்கும். ஜன்னல்ல தலை சாய்ச்சுத் தூங்குற தங்கச்சிங்க பல பேர் காலையில இருந்து நின்னுகிட்டே செல்போன் கோத்தவங்க. அந்த போன் உலகம் பூரா போகுது. "பாத்தியா, தமிழ்நாடு!"ன்னு நாமளும் பெருமையா ஸ்டேட்டஸ் வைக்கிறோம். வைக்கணும், தப்பில்ல.

ஆனா ஒரு கேள்வி. அந்த போனோட விலையில, கோக்குறவங்க கைக்கு வர்றது எவ்வளவு? அதுக்குள்ள இருக்குற கண்டுபிடிப்புக்குச் சொந்தக்காரங்க கைக்குப் போறது எவ்வளவு? அந்தச் சொந்தக்காரங்க யாரு? அந்த ஆராய்ச்சிக்கு முதல்ல காசு கொடுத்தது யாரு?

இந்தக் கடைசிக் கேள்விய யாரும் கேட்கிறதில்ல. இன்னைக்கு நாம கேட்போம்.

🔋 பேட்டரியில இருந்து ஆரம்பிப்போம்

உங்க போன் பேட்டரிக்குள்ள இருக்குற லித்தியம் கோபால்ட் ஆக்சைடுங்கிற பொருளை எந்த போன் கம்பெனியும் கண்டுபிடிக்கல. 1980-ல ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துல ஜான் குட்எனஃபும் அவரோட குழுவும் உருவாக்கினாங்க. காப்புரிமை எடுக்கச் செலவு பண்ண ஆக்ஸ்போர்டுக்கு இஷ்டமில்ல. கடைசியில ஹார்வெல்ல இருந்த பிரிட்டிஷ் அரசு அணுசக்தி ஆய்வுக்கூடம் காப்புரிமையை எடுத்துச்சு. கண்டுபிடிச்சவர் உரிமையை எழுதிக் கொடுத்துட்டார். 1991-ல சோனி அந்த பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டு வந்துச்சு. அதுக்கப்புறம் உலகமே மாறிப் போச்சு. 2019-ல, 97 வயசுல, குட்எனஃபுக்கு நோபல் பரிசு வந்துச்சு. அந்தக் காப்புரிமையால அவருக்கு ராயல்டி ஒரு பைசா வரல.

ஸ்டாக்ஹோமில அவருக்குப் பதிலா நோபல் உரையை வாசிச்சது யார் தெரியுமா? நம்ம ஆள்! ஆறுமுகம் மந்திரம். தென் தமிழ்நாட்டுல அமராபுரம்ங்கிற சின்ன ஊர்ல பிறந்தவர். மதுரையில படிச்சு, ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல 1981-ல டாக்டர் பட்டம் வாங்கி, குட்எனஃபோட ஆக்ஸ்போர்டுலயும் டெக்சாஸ்லயும் வேலை பார்த்தவர். இன்னைக்கு மின்சார வண்டியில ஓடுற இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்குப் பாதை போட்டதுல அவங்க ரெண்டு பேரோட 1980-கள் ஆராய்ச்சிக்குப் பங்கு இருக்கு.

அந்த இரும்பு பாஸ்பேட்டுக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஏமாறாம காப்புரிமை எடுத்துச்சு. ஜப்பான் கம்பெனி ஒண்ணு மேல கேஸ் போட்டு, 2008-ல 3 கோடி டாலர் வாங்கி முடிச்சுக்கிட்டாங்க. இன்னொரு பக்கம், சீனத் தயாரிப்பாளர்கள் தங்க நாட்டுச் சந்தைக்கு மட்டும் தயாரிச்சா லைசென்ஸ் கட்டணம் வேண்டாம்னு ஒரு ஏற்பாடு நடந்துச்சு. அந்த ஒரு ஏற்பாட்டை வச்சு சீனா எவ்வளவு பெரிய தொழிலைக் கட்டி எழுப்புச்சுன்னு உங்களுக்கே தெரியும். முக்கியமான காப்புரிமைகள் 2022 வாக்குல காலாவதியாகுறப்போ, ஆட்டம் முடிஞ்சு போச்சு.

நம்ம ஊர்ல படிச்ச மூளை அதுல இருந்துச்சு. நம்ம ஊர்க் கை இன்னைக்கு அதை வண்டியில மாட்டுது. நடுவுல இருக்குற "உரிமை"ங்கிற பக்கத்துல மட்டும் நாம இல்ல.

இதுல இருந்து ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. காப்புரிமை நல்லதா கெட்டதாங்கிறது கேள்வியே இல்ல. அது ஒரு கதவு. சாவி யார்கிட்ட இருக்கு, என்ன நிபந்தனையில இருக்குங்கிறதுதான் கேள்வி.

💉 இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம்

கோவாக்சின். பேரைக் கேட்டதும் 2021 மே மாசம் ஞாபகம் வருதா? ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசை, ஊசிக்கு டோக்கன் வரிசை?

அந்தத் தடுப்பூசிக்கு வைரஸைத் தனியாப் பிரிச்சுக் கொடுத்தது புனேயில இருக்குற தேசிய வைராலஜி நிறுவனம். அது ஐ.சி.எம்.ஆருக்குக் கீழ இருக்குற அரசு நிறுவனம். தயாரிச்சது பாரத் பயோடெக். ஆக, பாதி அறிவு மக்கள் காசுல வந்தது.

சரி, விலை? 2021 ஏப்ரல்ல கம்பெனி அறிவிச்ச விலை: ஒன்றிய அரசுக்கு ஒரு டோஸ் 150 ரூபாய். மாநில அரசுக்கு 600. தனியார் ஆஸ்பத்திரிக்கு 1,200. நாடு பூரா எதிர்ப்பு கிளம்பினதும் மாநிலங்களுக்கு 400 ஆக்கினாங்க. ஒரே ஊசி, ஒரே அரசு ஆய்வுக்கூடத்து வைரஸ், மூணு விலை! மாநில அரசோட காசு மட்டும் என்ன, புளியமரத்துலயா காய்க்குது?

"ஐ.சி.எம்.ஆருக்கு ராயல்டி வருதே"ன்னு கமெண்ட்ல வருவாங்க. வருது. நிகர விற்பனையில 5 சதவீதம். 2022 ஆரம்பத்துல நாடாளுமன்றத்துல சொன்ன கணக்குப்படி 171 கோடி ரூபாய்க்கு மேல. ஆனா அந்த ராயல்டியும் நாம ஊசிக்குக் கொடுத்த விலைக்குள்ள இருந்து வந்ததுதான். நம்ம இடது பாக்கெட்டுல நூறு ரூபாய் எடுத்து, வலது பாக்கெட்டுல அஞ்சு ரூபாய் போட்டு, "பாத்தியா லாபம்"னு சொன்னா எப்படி?

இதுல உச்சக்கட்டம் 2024-ல வெளியே வந்துச்சு. கோவாக்சினுக்கு அந்தக் கம்பெனி போட்ட காப்புரிமை விண்ணப்பத்துல ஐ.சி.எம்.ஆர். பேரே இல்ல! செய்தி வந்த பிறகு, தெரியாம விட்டுப் போச்சுன்னு கம்பெனி சொல்லி, பேரைச் சேர்க்கிறோம்னு அறிவிச்சுது. தெரியாமலே இருக்கட்டும். நான் கேட்கிறது கம்பெனியை இல்ல. மக்கள் காசுல நடந்த ஆராய்ச்சிக்குக் காவல் இருக்க வேண்டிய ஒன்றிய அரசு அவ்வளவு நாள் என்ன பண்ணிட்டு இருந்துச்சு? உங்க நிலத்துப் பட்டாவுல உங்க பேர் இல்லைன்னா பத்திரிகைக்காரன் வந்து சொல்ற வரைக்குமா சும்மா இருப்பீங்க?

🏭 பூட்டிக் கிடந்த கதவு

சுங்குவார்சத்திரத்துல இருந்து வாலாஜாபாத் வழியா செங்கல்பட்டு போங்க. அங்க திருமணியில எச்.எல்.எல். பயோடெக்கோட ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் இருக்கு. 100 ஏக்கர். 2012-ல ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 594 கோடி ரூபாய்த் திட்டம். ஒன்றிய அரசோட பொதுத்துறை நிறுவனம்.

2021 மே 25-ஆம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் நேர்ல போய்ப் பார்த்தார். மறுநாளே பிரதமருக்குக் கடிதம்: வளாகத்தை மாநில அரசுகிட்ட குத்தகைக்குக் கொடுங்க, நாங்க ஓட்டுறோம். நடந்துச்சா? நாம டோக்கன் வாங்கி வெயில்ல நின்ன காலத்துல, அங்க இருந்து ஒரு டோஸ் கொரோனா ஊசிகூட வரல.

இதையும் கோவாக்சினையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. அறிவு அரசு ஆய்வுக்கூடத்துல இருந்துச்சு. தொழிற்சாலை அரசுகிட்ட இருந்துச்சு. ரெண்டையும் சேர்த்து வைக்கிற மனசுதான் இல்ல.

🗣️ "காப்புரிமை இல்லன்னா யாருங்க முதலீடு போடுவா?"

நியாயமான கேள்வி. ஆய்வுக்கூடத்துல ஒரு குப்பியில செய்யறது வேற, கோடிக்கணக்குல தயாரிக்கிறது வேற. கம்பெனி பணம் போடுது, ரிஸ்க் எடுக்குது, லாபம் வேணும். நானும் இன்ஜினியரிங் படிச்சவன்தான், எனக்குப் புரியும்.

ஆனா நிபந்தனை போட்டா முதலீடு ஓடிடும்ங்கிறது கட்டுக்கதை. 1923-ல இன்சுலின் காப்புரிமையைக் கண்டுபிடிச்சவங்க டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலா ஒரு டாலருக்குக் கொடுத்தாங்க. எதுக்கு? எவனும் தனியா வளைச்சுப் போடக் கூடாதுன்னு. கம்பெனிகள் வராமலா போச்சு? வந்து தயாரிச்சாங்க. போலியோ ஊசிக்குக் காசு கொடுத்தது அமெரிக்க மக்கள் சில்லறை சில்லறையாப் போட்ட நன்கொடை. ஜோனஸ் சால்க்கோட அந்த ஊசிக்குக் காப்புரிமையே எடுக்கல. 1955-ல பல கம்பெனிகள் தயாரிச்சாங்க.

நம்ம சட்டத்துலயே ஆயுதம் இருக்கு. காப்புரிமைச் சட்டம் 84-ஆம் பிரிவு: காப்புரிமை கிடைச்சு மூணு வருஷம் ஆகியும் பொருள் நியாயமான விலைக்குக் கிடைக்கலன்னா, கட்டாய உரிமம் கொடுக்கலாம். 2012 மார்ச்சுல நாட்கோ கம்பெனிக்குக் கொடுத்தாங்க. மாசத்துக்கு 2,80,000 ரூபாய் ஆன பேயரோட புற்றுநோய் மருந்து 8,800 ரூபாய்க்கு வந்துச்சு. வானம் இடிஞ்சு விழல. ஆனா அதுக்கப்புறம் அந்த ஆயுதத்தைத் தொடவே இல்ல.

அமெரிக்காவைப் பாருங்கன்னு சொல்றவங்களுக்கு: அங்க 1980-ல பேய்-டோல் சட்டம் வந்து, அரசுப் பணத்துல நடந்த ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகமே காப்புரிமை எடுத்துக்கலாம்னு ஆச்சு. அந்தச் சட்டத்துலயே, மக்களுக்குப் பொருள் போய்ச் சேரலன்னா அரசு தலையிடலாம்னு பிரிவு இருக்கு. 40 வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு தடவைகூட அதை எடுக்கல. இங்கயும் 2008-ல அதே மாதிரி ஒரு மசோதா மாநிலங்களவைக்கு வந்து, எதிர்ப்புக்குப் பிறகு கைவிடப்பட்டுச்சு. சட்டப் புத்தகத்துல இருந்தா மட்டும் போதாது. கேட்க ஆள் வேணும். அந்த ஆள் நாமதான்.

🎓 நம்ம வீட்டுக் குப்பையையும் சொல்லணும்

காப்புரிமை விண்ணப்பத்துல தமிழ்நாடு முன்னணி. இந்த கார்டை நானே டிசைன் பண்ணி ஃபார்வர்ட் பண்ணியிருக்கேன். ஆனா விண்ணப்பம் வேற, பப்ளிஷ் ஆகுறது வேற, கிராண்ட் ஆகுறது வேற, தொழிற்சாலையில ஓடுறது வேற.

2019-ல என் ஃபைனல் இயர். பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புல பவர் பிரஸ் ஓட்டினவர். டையில ஷீட்டைத் தள்ளுறப்போ ரெண்டு விரல் போச்சு. ஒரகடம் பக்கம் இருக்குறவங்களுக்கு இது புதுசு இல்ல. நாங்க நாலு பேர் சேர்ந்து, பழைய பிரஸ்ல மாட்டுற மாதிரி ஒரு சென்சார் பண்ணோம். கை உள்ள இருந்தா மெஷின் இறங்காது. செலவு பத்தாயிரத்துக்குள்ள.

காலேஜ் அதைக் காப்புரிமைக்கு அனுப்புச்சு. முதல் பேர் கைடு, அடுத்து ஹெச்.ஓ.டி., அடுத்து இன்னும் ரெண்டு பெரியவங்க, கடைசியில நாங்க. சீக்கிரம் பப்ளிஷ் பண்ணச் சொல்லித் தனி விண்ணப்பம் போட்டாங்க. ரேங்கிங் கணக்குக்கு அது போதும். வாசல்ல பேனர். அவ்வளவுதான். அப்போ இருந்த விதிப்படி விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொல்லி 48 மாசத்துக்குள்ள கேட்டிருக்கணும், கேட்கலன்னா வாபஸ் ஆனதாக் கணக்கு. யாருமே கேட்கல. போன வருஷம் காப்புரிமை அலுவலக இணையதளத்துல தேடிப் பார்த்துத்தான் எனக்கே தெரியும்.

2021-ல கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தை 80 சதவீதம் குறைச்சாங்க. நல்லதுதான். ஆனா காப்புரிமையைப் பயன்படுத்துறாங்களான்னு வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய படிவம் 27-ஐ, 2024-ல மூணு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு மாத்திட்டாங்க. உள்ளே போற வாசலைப் பெருசாக்கி, கணக்கு கேட்கிற ஜன்னலைச் சின்னதாக்கியாச்சு.

✊ நாம கேட்க வேண்டியது

1. மக்கள் பணத்துல நடந்த ஆராய்ச்சிக்கு வாங்கின ஒவ்வொரு காப்புரிமையும், அதுக்குப் போட்ட ஒவ்வொரு லைசென்ஸ் ஒப்பந்தமும், முழு வாசகத்தோட பொதுவெளியில இருக்கணும்.

2. உயிர் காக்குற மருந்து, ஊசின்னா, எல்லா மாநிலத்துக்கும் ஒரே விலைங்கிறதும், பொதுத்துறையிலயும் தயாரிக்கலாம்ங்கிறதும் ஒப்பந்தத்துலயே இருக்கணும்.

3. மூணு வருஷம் பயன்படுத்தாம அலமாரியில கிடந்தா, சிறு தொழில்காரங்க கட்டணமில்லாம எடுத்துச் செய்யணும். தொழிலாளர் பாதுகாப்புக் கருவின்னா அதுக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது.

4. படிவம் 27 மறுபடியும் வருஷா வருஷம்.

5. வேலை செஞ்ச மாணவனுக்கு முறையான இடத்துல பேரும், வர்ற வருமானத்துல பங்கும்.

இது ஒன்றிய அரசுக்கு மட்டும் இல்ல. நம்ம மாநிலப் பல்கலைக்கழகங்கள்ல முதலும் கடைசியும் அஞ்சாவதும் இங்கேயே ஆரம்பிக்கலாம். நம்ம ஆளுங்ககிட்டயும் நாம கேட்கணும். கேட்கலன்னா நாம தொண்டன் இல்ல, வெறும் ஷேர் பட்டன்.

இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. காப்புரிமை அலுவலக இணையதளத்துல உங்க காலேஜ் பேரைப் போட்டுத் தேடுங்க. எத்தனை விண்ணப்பம், எத்தனை கிராண்ட், எத்தனை வாபஸ்னு எண்ணி கமெண்ட்ல போடுங்க. அடுத்த வாரம் மொத்தமாத் தொகுத்து, நம்ம எம்.பி.க்கள் கைக்குக் கொண்டு போவோம்.

பக்கத்து வீட்டு அண்ணன் இப்போ ஒரு கம்பெனி கேட்ல செக்யூரிட்டி. எட்டு விரலோட ரிஜிஸ்டர்ல வண்டி நம்பர் எழுதுறார். போன மாசம் கேட்டார்: "தம்பி, அந்த மெஷின் ஒண்ணு பண்ணீங்களே, எங்கயாவது மாட்டினாங்களா?"

அவருக்கு ஒரு பதில் சொல்லணும் தோழர்களே. வாங்க, சேர்ந்து சொல்லுவோம்.

#மக்கள்காசு_மக்கள்உரிமை
#கணக்கு_காட்டு
#சுங்குவார்சத்திரம்