மணிக்கூட்டைப் பிள்ளைகள் திறக்கட்டும்

நம் இல்லங்களில் பிள்ளைகளை நோக்கி நாள்தோறும் மிகுதியாகச் சொல்லப்படும் தமிழ்ச்சொல் எதுவென எண்ணிப் பார்த்தால் அது "படி" என்பதாகவே இருக்கும். அடுத்த இடம் "தொடாதே" என்பதற்கு உரியது. முதற்சொல்லைப் பற்றி விழா மலர்களில் எழுதுவோர் பலர் உளர். இரண்டாவது சொல்லைப் பற்றிச் சில கருத்துகளைப் பெற்றோர் முன் வைக்க விரும்புகிறேன். அதற்கு நான் தெரிந்தெடுத்த பொருள் விலை குறைந்த ஒரு கைமணிக்கூடு. மின்கலத்தால் ஓடுவதன்று, வில்லை முறுக்குவதால் ஓடுவது. பதின்மூன்று, பதினான்கு வயதை எட்டிய ஒவ்வொரு பிள்ளையும் அத்தகைய மணிக்கூடு ஒன்றைத் தன் கையால் திறந்து, அதன் ஓட்டத்தைச் சீர்செய்து பார்த்தல் வேண்டும் என்பதே என் கருத்து.

இதற்கு எழக்கூடிய மறுப்பை முதலிலேயே கூறிவிடுகிறேன். 1969ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள் யப்பானின் சீக்கோ நிறுவனம் படிகக் கைமணிக்கூட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று கடைத்தெருவில் மிக மலிவாகக் கிடைக்கும் மின்கல மணிக்கூட்டினுள்ளும் வினாடிக்கு 32,768 தடவை அதிரும் ஒரு சிறு படிகம் உண்டு. அது மாதத்திற்குப் பதினைந்து வினாடியளவே பிழைபடும். அதே சீக்கோ நிறுவனத்தின் 7எஸ்26 என்னும் முறுக்குவில் இயந்திரமோ நாளொன்றுக்கு நாற்பது வினாடி முந்தவும் இருபது வினாடி பிந்தவும் அந்நிறுவனமே இடமளிக்கிறது. அவ்வாறாயின் பின்னதை ஏன் வாங்க வேண்டும்? நேரம் அறிவது மட்டுமே நோக்கமானால் வாங்க வேண்டியதில்லை. கைத்தொலைபேசியே போதும். ஆனால் படிக மணிக்கூடு சரியாக ஓடுவதில் பிள்ளைக்கு எப்பங்கும் இல்லை. அதனுள்ளே கண்ணால் கண்டு விளங்கிக்கொள்ள ஒன்றுமில்லை. கையால் திருத்தவும் ஒன்றுமில்லை.

நாற்பது வினாடி என்பதைப் பெரும் பிழையென எண்ணுவோர் கணக்கைப் பார்த்தல் நன்று. நாளொன்றுக்கு 86,400 வினாடிகள். அவற்றுள் நாற்பது தவறினால் நூற்றுக்கு 99.95 பங்கு சரியென்று பொருள். நம் முன்னோர் நாளை அறுபது நாழிகையாகவும் நாழிகையை அறுபது விநாடியாகவும் பகுத்தனர். அக்கணக்கில் ஒரு விநாடி இன்றைய இருபத்து நான்கு வினாடிகளுக்குச் சமம். எனவே இம்மலிவான மணிக்கூடு நாள் முழுதும் ஓடி, பழந்தமிழ்க் கணக்கில் இரண்டு விநாடிகூடத் தவறுவதில்லை!

இனி அதன் உட்புறத்தைக் காண்போம். முறுக்கப்பட்ட முதன்மைவில் தன் விசையைப் பற்சில்லுகளின் வழியே செலுத்துகிறது. அவ்விசை ஒரேயடியாக அவிழ்ந்துவிடாமல் சிறிது சிறிதாக விடுவிப்பதற்கு ஒரு தடுப்பி உண்டு. அத்தடுப்பிக்குத் தாளம் கொடுப்பது, இப்புறமும் அப்புறமுமாகச் சுழன்று திரும்பும் ஊசற்சில்லு. அதனை ஒவ்வொரு முறையும் திரும்ப இழுப்பது மயிரிழை போன்ற ஒரு சுருள்வில். 1675இல் ஒல்லாந்து அறிஞர் கிறித்தியான் ஐகன்ஸ் இச்சுருள்வில்லை மணிக்கூட்டில் பொருத்தும் முறையை வெளியிட்டார். நான் மேலே கூறிய இயந்திரத்தில் இச்சில்லு மணிக்கு 21,600 தடவை, அதாவது வினாடிக்கு ஆறு தடவை அடிக்கிறது. நாளொன்றுக்கு 5,18,400 அடிகள். இந்தியப் பெற்றோர் பலர் அறிந்த எச்.எம்.டி. ஜனதா மணிக்கூட்டிலோ வினாடிக்கு ஐந்து அடிகள். அம்மணிக்கூடுகள் யப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவுடன் 1961இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்தவை.

சுருள்வில்லின் நீளம் குறைந்தால் அது விறைப்பாகும், சில்லு விரைந்து திரும்பும், மணிக்கூடு முந்தும். நீளம் கூடினால் பிந்தும். சீராக்கும் நெம்பு எனப்படும் சிறு கை செய்வது இவ்வளவே: சுருளின் எந்த இடத்திலிருந்து வில் வேலை செய்ய வேண்டும் என்பதை அது சற்றே முன்பின்னாக மாற்றுகிறது. உயர் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு கணக்கு. அலைவுநேரம் நீளத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதமானது. நாளுக்கு முப்பது வினாடி முந்தும் மணிக்கூடு 2,880இல் ஒரு பங்கு விரைவாக ஓடுகிறது. அதனைத் திருத்தச் சுருளை 1,440இல் ஒரு பங்கு நீளமாக்க வேண்டும். சுருளின் நீளம் பத்துச் சென்ரிமீற்றர் என வைத்துக்கொண்டால் அது ஏறக்குறைய 0.07 மில்லிமீற்றர் ஆகும்! இந்த எண்ணைக் கண்ட பின்னர், நெம்பினை எவ்வளவு மென்மையாகத் தொட வேண்டும் என்று பிள்ளைக்கு எவரும் அறிவுரை கூறத் தேவையில்லை.

ஆயினும் முதல்நாளே மணிக்கூட்டைத் திறக்க விடக்கூடாது. இதில் மட்டும் பெற்றோர் கண்டிப்பாக இருத்தல் வேண்டும். பத்து நாட்கள் அளக்க வேண்டும். ஒரு கொப்பியை எடுத்து, நாள்தோறும் அதே வேளையில், பாடசாலைக்குப் புறப்படுமுன் என்று வைத்துக்கொள்வோம், நம்பத்தக்க நேரத்தோடு ஒப்பிட்டு வேறுபாட்டை எழுத வேண்டும். பிரித்தானியாவில் கம்பிரியாவின் அந்தோர்னிலிருந்து ஒலிபரப்பாகும் நேரக்குறியைப் பெற்றுத் தானே திருத்திக்கொள்ளும் சுவர்மணிக்கூடுகள் உண்டு. அன்றேல் கைத்தொலைபேசியின் நேரத்தைக் கொள்ளலாம். 7எஸ்26 இயந்திரத்தில் குமிழை இழுத்தாலும் வினாடிமுள் நில்லாது. ஆகவே அதனைச் சரியாக வைக்க முயன்று சலிப்படைய வேண்டா. இன்று பதினொரு வினாடி முன்னே, நாளை இருபத்தாறு வினாடி முன்னே என்றால், நாளுக்குப் பதினைந்து வினாடி முந்துகிறது. நமக்கு வேண்டியது அந்தப் பதினைந்து மட்டுமே.

பிழையை உடனே அழிக்க முற்படாமல் அது யாதென அறிந்து எழுதிவைத்தல் உலக வரலாற்றில் பெரும்பணி ஆற்றியுள்ளது. தச்சராக இருந்து மணிக்கூட்டுக் கலைஞரான யோன் ஹரிசனின் நான்காவது கடல்மணிக்கூடு 1761இல் யமேக்கா நோக்கிக் கப்பலேறியபோது, அது நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் வினாடி பிந்துவது என்பது முன்னரே கணித்துக் கொள்ளப்பட்டிருந்தது. அதனைக் கழித்துப் பார்த்தபோது, 81 நாட்களின் பின் எஞ்சிய பிழை சுமார் ஐந்து வினாடியே. மாலுமிக்குத் தேவை பிழையற்ற மணிக்கூடு அன்று; நாள்தோறும் ஒரே அளவு பிழைபடும் மணிக்கூடு. இலண்டனிலோ ரூத் பெல்வில் என்னும் அம்மையார் ஆர்னோல்ட் என்று பெயரிட்ட மணிக்கூட்டைக் கைப்பையில் கொண்டு, வாரந்தோறும் கிரீனிச் வானாய்வகம் சென்று அதன் பிழையைச் சான்றிதழில் எழுதி வாங்கி, அந்த நேரத்தை வீதி வீதியாகச் சென்று மணிக்கூட்டுக் கடைகளுக்கு விற்று வந்தார். 1836இல் தந்தை தொடங்கிய தொழிலை 1856க்குப் பின் தாய் நடத்தினார். 1892 முதல் 1940 வரை மகள் நடத்தினார். இப்படியும் ஒரு வாணிகம் இருந்தது என்று கேட்டால் நம் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், ஆனால் சான்றிதழில் என்ன எழுதியிருந்தது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

பத்து நாட்களின் பின்னரும் உடனே திறக்கத் தேவையில்லை. இரவில் கழற்றி வைக்கும் மணிக்கூடு முகம் மேல்நோக்கிக் கிடந்தால் ஒருவாறாகவும், குமிழ் மேலே இருக்க நிறுத்தினால் வேறொருவாறாகவும் ஓடும். நிறுத்திவைத்த நிலையில் உராய்வு மிகுவதும், ஊசற்சில்லின் நிறை எல்லாப் பக்கமும் சமமாக அமையாமையும் இதற்குக் காரணங்கள். நான்கு நிலைகளிலும் சில இரவுகள் வைத்துப் பார்த்தால், பகலில் முந்துவதை இரவில் பிந்திச் சரிக்கட்டும் நிலை ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும். ஒரு திருகைக்கூடத் தொடாமல் திருத்தம் முடிந்துவிடும்.

அவ்வாறு கிடைக்கவில்லையாயின் திறக்கலாம். சீக்கோ 5 போன்றவற்றின் பின்மூடி திருகு வகையைச் சேர்ந்தது. பிடிப்புள்ள இறப்பர்ப் பந்தொன்றை அழுத்தி இடப்புறமாகத் திருப்பினால் பெரும்பாலும் கழன்றுவிடும். வெள்ளைத் தாள் விரித்த மேசை, நல்ல வெளிச்சம், ஓர் உருப்பெருக்கி, பல்லுக்குத்தும் மரக்குச்சி ஆகியவை போதும். இரும்பு ஊசி வேண்டா. நழுவினால் சுருள்வில் அழிந்தது. தானியங்கி மணிக்கூட்டில் அரைவட்டமான சுழலி ஒன்று பார்வையை மறைக்கும். அதனைச் சற்றுச் சுழற்றி ஒதுக்கினால் ஊசற்சில்லு துடிப்பது தெரியும். பிள்ளை அதை முதன்முதலில் காணும்போது அருகிலிருந்து பேசிக்கொண்டிராதீர்கள். அங்கே இரண்டு சிறு கைகள் இருக்கும். சுருளின் வெளிநுனியைப் பிடித்திருக்கும் கையைத் தொடக்கூடாது. தொட்டால் இருபக்கத் துடிப்பின் சமன் கெடும். கூட்டல், கழித்தல் குறிகளுக்கிடையே அசையும் மற்றக் கையே நமக்குரியது. முந்துமாயின் கழித்தற் பக்கம், பிந்துமாயின் கூட்டற் பக்கம். அசைந்ததா இல்லையா என ஐயுறுமளவு ஒரு தொடுதல், அவ்வளவே. பின் மூடியின் இறப்பர் வளையத்தை ஒழுங்காக வைத்து மூடி, ஒரு முழுநாள் காத்திருந்து மீண்டும் கொப்பியில் எழுத வேண்டும். வீட்டில் திறந்த மணிக்கூட்டோடு இனி நீச்சலுக்குச் செல்லலாகாது.

சிலவற்றைத் திறக்கவே கூடாது. பாட்டனார் விட்டுச்சென்ற மணிக்கூட்டைப் பழகும் பொருளாக்க வேண்டா. அதிலும் இருளில் ஒளிரும் எண்களையுடைய பழைய மணிக்கூடுகளில் 1960கள் வரை ரேடியம் கலந்த பூச்சு பயன்பட்டது. ஒளி மங்கிவிட்டாலும் கதிர்வீச்சு மங்குவதில்லை. இன்னொன்று: நன்றாக ஓடிய மணிக்கூடு திடீரென நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தத் தொடங்கினால் குற்றம் பெரும்பாலும் நெம்பில் இல்லை. ஒலிபெருக்கி, கணினி உறை போன்றவற்றின் காந்தம் பட்டுச் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கக் கூடும். திசைகாட்டியை அருகே வைத்து முள் ஆடுகின்றதா என்று பாருங்கள். காந்தம் நீக்கும் சிறு கருவி மலிவானதே.

தமிழ்ப் பாடசாலையின் மலரில் இதனை எழுதுவானேன் என்று கேட்பீர்கள். நம் பிள்ளைகளின் தமிழ் மேடைக்கும் பேச்சுப்போட்டிக்கும் உரியதாகிவிட்டது. பொருள்களோடு பழகும்போது அவர்களிடம் ஆங்கிலமே வருகிறது. முறுக்கு, இறுக்கு, தளர்த்து, நெம்பு, அழுத்து, நழுவும், தேயும், விளிம்பு, நுனி, இடுக்கு ஆகிய சொற்களைப் பாடநூல் ஒன்றிலிருந்து மனத்தில் பதிக்க இயலாது. ஒரு மேசையின் இருபுறமும் தந்தையோ தாயோ பிள்ளையோடு அமர்ந்து ஒரு பொருளைக் கையாளும்போதுதான் அவை இயல்பாக வாயில் வரும். ஊரில் துவிச்சக்கரவண்டியைத் தாமே கழற்றிப் பூட்டியவர்கள், தையல் இயந்திரத்திற்கு எண்ணெய் விட்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! அக்கைத்திறனோடு இருந்த தமிழையும் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டவர்கள் போல் நாம் நடந்துகொள்கிறோம். சனிக்கிழமைகளில் மூன்று தனி வகுப்புகளுக்குப் பிள்ளையைக் காரில் ஏற்றியிறக்கும் பெற்றோர், அவற்றுள் ஒன்றை ஒரு மாதத்திற்கு நிறுத்திவிட்டு இதைச் செய்தாலும் இழப்பொன்றுமில்லை என்றே நான் கருதுகிறேன்.

மகனுக்கு மட்டும் இது உரியதெனக் கருதுவோர் பெல்வில் குடும்பத்தின் தாயையும் மகளையும் மீண்டும் நினைத்துப் பார்க்கலாம்.

மணிக்கூடு பழுதாகிவிட்டால்? ஆகலாம். எளிய விலை மணிக்கூட்டைக் கடையில் கொடுத்து முழுமையாகத் துப்புரவு செய்விக்கும் கூலி, பல வேளைகளில் புதியதொன்றின் விலையை விஞ்சிவிடுகிறது. எவரும் திறக்காத மணிக்கூடும் ஒருநாள் குப்பைக்கே போகிறது. பழையதொன்றை வாங்குவோர் இணையத்தில் புத்தம் புதிது போல விற்கப்படும் எச்.எம்.டி. மணிக்கூடுகளில் சற்று விழிப்பாக இருங்கள். வெவ்வேறு மணிக்கூடுகளின் உறுப்புகளைச் சேர்த்துப் புதிய முகம் பூசியவை அவற்றுள் மிகுதி. பழக அவையும் போதும், ஆனால் விலையைப் பார்த்து வாங்குங்கள்.

எந்த அளவில் நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்க. சுவிற்சர்லாந்தில் உயர்தர மணிக்கூடுகளுக்குச் சான்று வழங்கும் நிறுவனம், நாளுக்கு நான்கு வினாடி பிந்துவது முதல் ஆறு வினாடி முந்துவது வரை ஏற்கிறது. அதற்கென ஐந்து நிலைகளிலும் மூன்று வெப்பநிலைகளிலுமாகப் பதினைந்து நாட்கள் சோதிக்கிறது. நம் மேசையில் மரக்குச்சியால் திருத்திய மணிக்கூடு பத்து வினாடிக்குள் வந்துவிட்டால் மூடியை இறுக்கி, நாளும் அளவும் கொப்பியில் எழுதி, கையில் கட்டிக்கொள்ளலாம்.